'ஏடு' என்ற குழந்தையும் ஆசிரியர் கடமையும்

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளின் ஓசைக்கிடையே தமிழ் மட்டுமே கேட்பதில்லை. தலைமுறை தலைமுறையாய் அங்கு நெய்து வாழும் தெலுங்குக் குடும்பங்களும் சௌராட்டிரக் குடும்பங்களும் உள. அம்மாவட்டத்து ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளை நம்பி வந்த வடபுலத் தொழிலாளரின் பிள்ளைகளும் இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பயில்கின்றனர்.

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்று. அது வரவேற்கத்தக்கதே. ஆயின், சட்டம் தமிழை வகுப்பறைவரை கொணரும். குழந்தையின் நாவில் ஏற்றுவதோ ஆசிரியர் கடன்.

வீட்டில் தெலுங்கே பேசிவரும் குழந்தை 'ஏழு' என்பதை 'ஏடு' என்கின்றது. வகுப்பு சிரிக்கின்றது. ஆசிரியரும் உடன் சிரிப்பின், மறுநாள் அக்குழந்தை வாய் திறவாது. வாய் திறவாத பிள்ளையை அறிவு குன்றியதென்று கடைசி வரிசைக்கு ஒதுக்கிவிடுவர். உண்மை என்ன? தமிழில் 'ஏழு', தெலுங்கில் 'ஏடு'. தமிழில் 'கோழி', தெலுங்கில் 'கோடி'. ழகரம் அங்கே டகரமாய் நிற்கின்றது. இவ்விரண்டு இணைகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், பிழையே பாடமாகிவிடும். தமிழிலக்கியத்துச் 'செப்புதல்' அக்குழந்தையின் வீட்டில் நாள்தோறும் வழங்குவதையும் வகுப்பு அறியும். திராவிட மொழியுறவைக் கால்டுவெல் 1856-இல் நிறுவினார். அது வகுப்பறைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சௌராட்டிரத்துக்கும் இந்திக்கும் இவ்வுறவு இல்லை. அப்பிள்ளைகட்குக் காலம் வேண்டும். எழுத்துக்கு முன் பேச்சு வேண்டும். கணக்காசிரியரும் 'மீதி', 'பங்கு' என்னும் சொற்களை விளக்கிய பின்னரே கணக்கைத் தருதல் வேண்டும். அப்பிள்ளை பலகால் கணக்கில் தோற்பதில்லை. வினாவின் மொழியிலேயே தோற்கின்றது.

'தமிழ் வகுப்பில் பிறமொழிக்கு இடமா?' என்பார் உளர். இடம் தமிழுக்கே, வீட்டுமொழி அதற்கு ஏறும் படி. 1938-இலும் 1965-இலும் இந்தித் திணிப்பை எதிர்த்துப் போராடிய இனம், தாய்மொழி இழிக்கப்படும் துயரை நன்கறியும். அத்துயரை ஒரு நெசவாளி மகவுக்குத் தருதல் முறையன்று. இழிக்கப்பட்ட குடும்பம் தமிழை நாடாது. ஆங்கிலவழிப் பள்ளியையே நாடும். அங்குத் தமிழும் தளரும், தாய்மொழியும் தேயும்.

காஞ்சி நெசவாளர் சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து கோர்வையிற் பிணைப்பர். கரை வேறு நிறமென்று எவரும் அதனை அறுத்தெறிவதில்லை. ஆசிரியப் பயிற்சி நிறுவனங்கள் இம்முறையைப் பாடமாக்குக! அதுவரை, ஆசிரியர்காள், 'ஏடு' என்ற குழந்தையைக் கண்டு சிரியாதீர்!