பிழைச்சிட்டார், பிறகு?

"ஐசியுவில இருந்து ஆளை வார்ட்டுக்கு மாத்தியாச்சு" என்று ஃபோன் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? கோயிலுக்கு நேர்த்தி, சொந்தக்காரருக்கு மெசேஜ், முகநூலில் ஒரு நன்றிப் பதிவு. சில நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள். அதோடு கதை முடிஞ்சுது என்று ஆஸ்பத்திரியும் நினைக்கிறது, ஊரும் நினைக்கிறது.

வீட்டில் நடப்பது வேறு. வந்தவரால் கக்கூசுக்குத் தனிய எழும்பிப் போக முடியாது. லண்டன் ஆஸ்பத்திரிகளில் செய்து 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், தீவிர சிகிச்சையில் இருந்தவர்களின் தொடைத் தசை 10 நாளிலேயே ஏறத்தாழ 18 வீதம் சுருங்கியிருந்தது. அதே வருசம் வந்த அமெரிக்க ஆய்வு 821 நோயாளரைப் பின்தொடர்ந்தது. மூன்று மாதம் கழித்தும் பத்தில் நாலு பேருடைய நினைவும் சிந்தனையும் ஓரளவு கடுமையான தலைக்காயம் பட்டவர்களின் மட்டத்திலேயே இருந்தன. வயசு போனவர்களுக்கு மட்டுமில்லை, இளம் ஆக்களுக்கும்தான். கடைக் கணக்கை வாயாலேயே கூட்டிச் சொல்லுற மனுசன் மிச்சக் காசு எண்ணத் திணறினால் நாங்கள் வைக்கிற பெயர் "மூளை குழம்பிட்டுது". மருத்துவம் 2012 இலேயே இதற்கு வேறு பெயர் வைத்துவிட்டது: தீவிர சிகிச்சைக்குப் பிந்திய கூட்டறிகுறி. அந்த வரையறைக்குள் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தின் பதட்டமும் மனச்சோர்வும்கூட அடங்கும்.

பயங்கர ஞாபகங்கள் இன்னொரு பக்கம். மயக்க மருந்துக்கும் காய்ச்சலுக்கும் நடுவில், தாதி தன்னைக் கொல்ல வந்ததாகவும், தன்னை எங்கேயோ கடத்திக்கொண்டு போனதாகவும் பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிவைப்பதும் உண்டு. கை கட்டப்பட்ட ஞாபகத்துக்கு எங்கட ஊர்களில் வேற அர்த்தம் இருக்கு. அதை யாரிடம் போய்க் கதைக்கிறது? வாய் திறந்தால் "உயிர் தப்பினதே பெரிய புண்ணியம், கடவுளுக்கு நன்றி சொல்லு" என்று அடக்கிவிடுகிறோம். எங்களுக்குக் கோபம் அந்த வசனத்தில்தான். ஆறுதல் மாதிரிக் கேட்கும். வேலை என்னவோ வாயை மூடுவது.

"கட்டிலே காணாது, 2022 க்குப் பிறகு டொக்டர்மாரும் நாட்டை விட்டுப் போட்டினம், இதில தொடர் கவனிப்பு வேறயா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிள்ளை பெற்ற தாயைத் தேடி வீட்டுப் படலை வரைக்கும் குடும்பநல உத்தியோகத்தரை அனுப்புகிற நாடு இது. ஆஸ்பத்திரி வாசலோடு பொறுப்பு முடியாது என்று இந்த நாட்டுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. தாய்க்கு முடிந்தது வென்டிலேட்டரில் இருந்து வந்தவருக்கு ஏன் முடியாது? இப்படிப்பட்டவர்களை இரண்டு, மூன்று மாதத்தில் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று பிரித்தானிய வழிகாட்டி 2009 இலேயே சொல்லிவிட்டது. இங்கே கிளினிக் கொப்பியில் பிறஷர், சீனி எல்லாம் ஏறும். "நித்திரை வருதா? பயமா இருக்கா?" என்று கேட்க ஒரு கோடு இல்லை.

காசே தேவைப்படாத வேலைகளும் உண்டு. ஐரோப்பாவில் சில பிரிவுகளில் தாதிமாரும் வீட்டுக்காரரும் சேர்ந்து நாட்குறிப்பு எழுதுகிறார்கள். இண்டைக்குக் காய்ச்சல் குறைஞ்சுது, மகள் வந்து கையைப் பிடிச்சவ, இப்படிச் சின்னச் சின்ன வரிகள். தொலைந்துபோன நாட்களை நோயாளி பிறகு வாசித்து ஒட்டிக்கொள்ளலாம். 2010 இல் வந்த ஆய்வில் அதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய் புதிதாக வந்தவர்கள் 13 வீதத்தில் இருந்து 5 வீதமாகக் குறைந்தார்கள். 2019 இல் பிரான்சில் செய்த பெரிய ஆய்வு அந்தப் பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேணும். சரி, மந்திரமில்லை. ஆனால் ஒரு சீ.ஆர். கொப்பியின் விலையில் முயற்சி செய்துகூடப் பார்க்காமல் இருக்க என்ன காரணம்?

இனி எங்கட வளாகம். இந்தப் பராமரிப்பு அனேகமாக மகள்மாரின் தலையிலதான் விழுது. எங்கட பட்ச்சில் ஒருத்தி அப்பாவை எழுப்பி இருத்தி, சாப்பாடு தீத்தி, இரவில் அவர் கத்தினால் ஓடிப்போய்ப் பார்த்து ஒரு செமஸ்டரைக் கழித்தாள். 80 வீத வரவு இல்லாததால் பரீட்சை எழுத விடவில்லை. மெடிக்கல் குடுக்க மாணவிக்கு வருத்தம் வந்திருக்க வேணுமாம். அப்பாவுக்கு வந்த வருத்தம் செல்லாதாம்.

வீட்டில் நோயாளரைப் பார்க்கும் மாணவருக்கு வரவில் விலக்கு வேண்டும் என்று அடுத்த பீடச் சபைக்கு எழுத்தில் குடுக்கப் போகிறோம். கடிதம் கன்டீன் பக்க மேசையில் இருக்கு. கையெழுத்துப் போட வாங்கோ.