மூக்கைப் பொத்தும் கையும் நான்கு சுவர்களும்

செல்வந்தர்களை எள்ளி நகையாடும் திரைப்படங்கள் அண்மை ஆண்டுகளில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. பாங் ஜூன் ஹோவின் 'பாரசைட்' 2019இலும், ரூபன் ஆஸ்ட்லண்டின் 'டிரையாங்கிள் ஆஃப் சாட்னஸ்' 2022இலும் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றன. 'பாரசைட்' 2020இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் வென்றது. பணம் படைத்தோரைச் சாடும் படங்களைப் பணம் படைத்தோர் நிறைந்த அரங்குகளே கைதட்டி வரவேற்கின்றன. அவர்களைச் சற்றும் உறுத்தாத கோபம் எத்தகையது என்ற கேள்வி நமக்கு முக்கியமானது.

ஆஸ்ட்லண்டின் படத்தில் சொகுசுக் கப்பல் கவிழ்ந்தபின், அதில் கழிவறைகளைப் பராமரித்த அபிகெய்ல் என்னும் பிலிப்பைன்ஸ் பெண் தலைமை ஏற்கிறார். மீன் பிடிக்கவும் தீ மூட்டவும் அவர் ஒருவருக்கே தெரியும். ஆனால், அதிகாரம் கைக்கு வந்ததும் அவரும் உணவைக் காட்டிப் பிறரைத் தன் விருப்பத்துக்கு வளைக்கிறார். வாய்ப்புக் கிடைத்தால் எல்லோரும் இப்படித்தான் என்பதே அந்த நையாண்டி வழங்கும் தீர்ப்பு. செல்வந்தர்களுக்கு இதைவிட ஆறுதலான தீர்ப்பு வேறில்லை.

'பாரசைட்' அந்த ஆறுதலைத் தருவதில்லை. பாதி நிலத்தடி வீட்டில் வசிக்கும் கிம் குடும்பத்தினர், பார்க் குடும்பத்தின் மாளிகையில் ஒருவர்பின் ஒருவராக வேலைக்குச் சேர்கின்றனர். பார்க் தம்பதியர் கொடியவர்கள் அல்லர். குரலை உயர்த்துவதில்லை, சம்பளத்தை மறுப்பதில்லை. ஓர் இரவு, ஓட்டுநர் கி டேக் தன் மக்களோடு மேசைக்கு அடியில் ஒளிந்திருப்பது தெரியாமல், முதலாளி சோபாவில் சாய்ந்தபடி அவரது உடல் நாற்றத்தைப் பற்றி மனைவியிடம் பேசுகிறார். அது சுரங்க ரயிலில் செல்வோரிடம் வீசும் வாடை என்கிறார். அதே இரவின் பெருமழையில் கி டேக்கின் வீடு கழிவுநீரில் மூழ்குகிறது. மறுநாள் அவர் ஓட்டும் காரில், மழைக்கு நன்றி சொல்லிக்கொண்டே முதலாளியின் மனைவி நாற்றம் தாளாமல் கண்ணாடியை இறக்குகிறார். இறுதியில், குருதி சிந்திக் கிடக்கும் ஓர் ஏழையின் அருகே முதலாளி மூக்கைப் பொத்தும் கணத்தில்தான் கத்தி உயர்கிறது.

அந்தக் கொலையை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அதன் காரணம் பணத்தின் மீதான பொறாமை அன்று. உடலே தீட்டாக்கப்பட்ட அவமானம். 'பாரசைட்' சாதியைப் பேசும் படமல்ல. எனினும், மூக்கைப் பொத்தும் அந்தக் கையை நாம் நன்கறிவோம். தனி டம்ளரும் தனித் தட்டும் வைக்கப்படும் வீடுகளில் வேலை செய்வோர் அதை அன்றாடம் காண்கின்றனர்.

அந்தக் கையைச் சட்டம் காண்கிறதா? பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவின்படி, இழிவுபடுத்தல் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்தால் மட்டுமே குற்றம். வீட்டு வாயிலில் நின்ற காரின் அருகே இருந்தவரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தியது இதற்குள் அடங்கும் என்று சுவரண் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வீட்டுக்குள், உறவினரும் நண்பரும் தவிரப் பொதுமக்கள் எவரும் இல்லாதபோது நிகழ்ந்தால் அடங்காது. ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் இந்நிலைப்பாடே உறுதிப்படுத்தப்பட்டது. வாயிலில் நிற்கும் ஓட்டுநருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, சமையலறையில் நிற்கும் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை.

வீடு உரிமையாளருக்குத் தனியிடம். அங்கே பாத்திரம் துலக்குபவருக்கோ பணியிடம். இதை நாடாளுமன்றம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுள்ளது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 பணியிடம் என்பதன் வரையறைக்குள் குடியிருப்பு வீட்டையும் சேர்த்தது. அதே அளவுகோல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கும் வேண்டும்: பணிபுரியும் வீட்டில் நிகழும் சாதி இழிவுக்குப் 'பொதுமக்கள் பார்வை' என்னும் நிபந்தனை நீக்கப்பட வேண்டும். தீண்டாமையை எந்த வடிவிலும் தடைசெய்யும் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு, வாசலுக்கு உள்ளே வெளியே என்று வேறுபாடு பார்ப்பதில்லை.

மேசைக்கு அடியில் இருந்தவர்கள் கேட்டதைத் திரையரங்கில் உலகமே கேட்டது. நம் வீடுகளின் அடுக்களையில் நிற்பவர் கேட்பதை நீதிமன்றமும் கேட்கட்டும்.