செயற்கைக் கோள் ஏறிய மாட்டுவண்டி



மாட்டுவண்டியின் மேல் ஒரு செயற்கைக் கோள் வீற்றிருக்கும் புகைப்படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். சென்ற ஞாயிறன்று என் இல்லத்திற்கு வந்த உறவினர் ஒருவர் அப்படத்தைக் காட்டி, "பாருங்கள், ஒரு லாரிக்குக்கூடப் பணமில்லாத காலம் அது!" என்று இரங்கினார். அவருடைய இரக்கம் நல்லதே. ஆனால் அவர் கொண்ட கருத்துச் சரியன்று. அப்படம் காட்டுவது வறுமையை அன்று. பலர் கூடிச் சிந்தித்ததன் பயனை. அந்த வரலாற்றையே இத்திங்கள் கூற விழைகிறேன். அது நம் பெங்களூரில் நடந்தது. நம்மவர் ஒருவர் முன்னின்று நடத்தியது.

அக்கோளின் பெயர் 'ஆப்பிள்'. பழத்தின் பெயரன்று. 'ஏரியன் ராக்கெட்டில் பயணியாகச் செல்லும் சோதனைச் சுமை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அப்பெயராயின. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் தன் புதிய ராக்கெட்டான ஏரியனைச் சோதித்துப் பார்க்கையில், அதில் கட்டணமின்றிச் சுமை ஏற்றிச் செல்ல இடம் தர முன்வந்தது. இரயில்வே ஊழியனாகிய எனக்கு இது எளிதில் விளங்குகிறது. இலவசப் பாஸ் கிடைத்துவிட்டது; ஆனால் வண்டி புறப்படுவதற்குள் மூட்டையைக் கட்டி முடித்தாக வேண்டும்!

நம்மவர் அப்போது பெற்றிருந்த அனுபவம் சிறிது. 1975 ஏப்ரல் 19 அன்று விண்ணேறிய முதற்கோளான ஆரியபட்டா, பீனியாவின் தொழிற்கொட்டகைகளில் உருவானது. ஆப்பிளும் அத்தகைய கொட்டகைகளிலேயே ஏறக்குறைய இரண்டே ஆண்டுகளில் உருப்பெற்றது. திட்ட இயக்குநர், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய ஆர். எம். வாசகம் அவர்கள். செய்திகளை வாங்கி அனுப்பும் கருவிகள் அகமதாபாத்திலிருந்து வந்தன. கோளை அதன் உயர்ந்த பாதையில் செலுத்தும் மோட்டார், எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் நான்காம் அடுக்கிலிருந்து உருவாக்கப்பட்டது. ஊர் கூடித் தேர் இழுத்தாற்போல, பல ஊரார் கூடிச் செய்த பணி அது.

இடையில் ஒரு சிக்கல் எழுந்தது. கோளின் ஆன்டெனாவைத் திறந்த வெளியில் வைத்துச் சோதிக்க வேண்டும். சுற்றிலும் உலோகம் இருந்தால் வானொலி அலைகள் அதன்மேல் பட்டுத் திரும்பி, மூல அலையோடு கலந்துவிடும். குளத்தில் எறிந்த கல்லின் அலை, கரையில் மோதித் திரும்பி வந்து புது அலையோடு குழம்புவதில்லையா? அதுபோலவே அளவு பிழையாகிவிடும். இரும்பாலான லாரி இதற்கு உதவாது. பெரும்பகுதி மரத்தாலானதும், பாரம் தாங்குவதும், வேண்டிய இடத்திற்கு நகர்வதுமான மேடை எது? நம் தெருக்களில் நாள்தோறும் சென்ற மாட்டுவண்டிதான்!

சிரிப்புக்கு அஞ்சுவோர் கூடியுள்ள அறையில் இப்படியொரு யோசனை வாய்விட்டு வெளிவருமா என்று எண்ணிப் பாருங்கள்.

670 கிலோ எடையுள்ள ஆப்பிள், 1981 ஜூன் 19 அன்று தென் அமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து ஏவப்பட்டது. அங்கும் சோதனை விடவில்லை. கோளின் சூரியத் தகடுகளுள் ஒன்று விரியவில்லை. எஞ்சியதைக் கொண்டே நம்மவர் அதை இயக்கினர். 1983 செப்டம்பர் வரை, இரண்டாண்டுகளுக்கு மேல், தொலைக்காட்சி, வானொலி ஒலிபரப்பு முதலிய சோதனைகளுக்கு அது பயன்பட்டது. அங்குப் பெற்ற பாடம், 1992 இல் விண்ணேறிய நம் சொந்தத் தயாரிப்பான இன்சாட்-2ஏ போன்ற பெரிய கோள்களுக்குத் துணையாயிற்று.

இனி என் கதைக்கு வருகிறேன். கூறவே நாணமாக இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். காலை வண்டி வந்ததும் மூட்டைகள் மலையாகக் குவியும். ரசீதைக் கொண்டுவருபவரின் மூட்டையைத் தேடி எடுக்க அரைமணி நேரம் ஆகும். எழுத்தர் ஐவர் மும்முறை கூடிப் பேசினோம். மும்முறையும், இன்னோர் அறை வேண்டுமென்று மேலிடத்திற்கு எழுதுவதே முடிவாயிற்று. ஒருநாள் அங்கிருந்த முதிய போர்ட்டர் என்னிடம் கன்னடத்தில், "ரசீது எண்ணின் கடைசி இலக்கத்தை மூட்டைமேல் சாக்குக்கட்டியால் பெரிதாக எழுதி, பத்து வரிசையாக அடுக்கலாமே, சாமி" என்றார். நான் பாதி புரிந்தும் பாதி புரியாமலும், "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன்.

மூன்று திங்கள் கழித்து, புதிதாக வந்த இளம் பெண் எழுத்தர் ஒருவர், அம்முதியவரிடம் தாமே சென்று, "அஜ்ஜா, இதற்கு என்ன செய்யலாம்?" என்று வினவினார். மறுநாளே சாக்குக்கட்டி வந்தது. அதே அறை, அதே மூட்டைகள். தேடும் நேரமோ சில நிமிடங்களாகக் குறைந்தது. அம்மூன்று திங்களும் மக்கள் வெயிலில் காத்துநின்றதற்கு நானும் ஒரு காரணம் என்பதை இன்றும் மறக்க முடியவில்லை.

எங்கள் பிழை யாதெனில், நாங்கள் சிக்கலைப் பேசாமல் தீர்வையே பேசினோம். 'அறை வேண்டும்' என்றோமேயன்றி, 'மூட்டையை விரைவில் கண்டெடுக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. 'லாரி வேண்டும்' என்று தொடங்கியிருந்தால் மாட்டுவண்டி யார் நினைவுக்கும் வந்திராது. 'உலோகமற்ற மேடை வேண்டும்' என்று கேட்டதனாலேயே அது வந்தது. இத்துடன் மேலும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். பதவியில் இளையவரை முதலில் பேசவிட வேண்டும். மூத்தவர் பேசியபின் இளையவர் தலையாட்டவே செய்வார். யோசனை எளியதாயின், வாதிடுவதைவிட ஒருநாள் செய்து பார்ப்பது மேல்.

பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்த நமக்கு இன்னுமொரு கடமை உண்டு. நம் பணியிடங்களில் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் இந்தியும் ஒலிக்கின்றன. நமக்கு வேண்டிய விடை, நாம் அறியாத மொழியில் நம் அருகிலேயே நின்றுகொண்டிருக்கலாம். நான் அதன்பின் கன்னடம் பயிலத் தொடங்கினேன். அம்முதியவர் பணி ஓய்வு பெற்ற நாளன்று, அவர் மொழியிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, மிச்சமிருந்த ஒரு சாக்குக்கட்டியை என் கையில் வைத்தார்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.