பட்டுத்திரையும் பனியனும்

வேலூரிலிருந்து போளூர் செல்லும் சாலையில், படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வண்டிகள் திரும்பும் இடத்தில் இருக்கிறது சந்தவாசல். ஆரணிப் பட்டு என்ற பெயரில் விற்பனையாகும் சேலைகள் ஆரணி நகரத்தில் மட்டும் நெய்யப்படுபவை அல்ல. சுற்றிலுமுள்ள இத்தகைய ஊர்களின் வீட்டுத் தறிகளும் அந்தப் பெயருக்குள் அடக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்திற்கென நாற்பது பனியன்கள் அச்சிட வேண்டியிருந்தபோது, நண்பர் ஒருவரின் பரிந்துரையின்பேரில் அங்கே ஓர் இளைஞரைத் தேடிச் சென்றோம். நெசவாளர் வீடு. முன்கூடத்தில் தறிக்குழி மண்ணிட்டு மூடப்பட்டு, அதன்மேல் அச்சு மேசை நின்றிருந்தது. தந்தையார் திண்ணையில் அமர்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, "வாங்க சார், பையன் உள்ளதான் இருக்கான்" என்றார்.

திரும்பும் வழியில் எங்களில் ஒருவர், ஒரு பெரும் மரபு பனியனில் வந்து முடிந்துவிட்டதே என்று வருந்தினார். மற்றவர்கள் தலையசைத்தோம். அவ்வாறு தலையசைத்ததைப் பற்றியதே இக்கட்டுரை. எழுதுகிறவர்களுக்கு இரங்கற்பா பாடுவது கைவந்த கலை. மூடப்பட்ட தறிக்குழியைப் போல அதற்கு வாகான பொருள் வேறில்லை. ஆயினும் பல நாள் பேசிப்பேசி, அன்று நாங்கள் வருந்தியது பிழையான இடத்தில் என்ற முடிவுக்கே வந்து சேர்ந்தோம்.

வேலையை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் வருத்தத்தின் பெரும்பகுதி அதை அறியாமையால் விளைந்தது. சட்டத்தில் பாலியஸ்டர் வலைத்துணி இறுக இழுத்து ஒட்டப்படுகிறது. ஒளி பட்டால் கெட்டியாகும் எமல்ஷனை அதன்மேல் மெல்லிய படலமாகப் பூசி, மங்கிய மஞ்சள் விளக்கின்கீழ் உலர்த்துகிறார்கள். வடிவம் கறுப்பாக அச்சான பாசிட்டிவ் தாளை அதன்மேல் வைத்துப் புற ஊதா ஒளியைக் காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகுகிறது. கறுப்பு மறைத்த இடம் இளகியே இருந்து நீரில் கரைந்துபோகிறது. அந்தத் திறப்பின் வழியே ஸ்குவீஜி என்னும் ரப்பர்ப் பட்டை மையை அழுத்தித் துணியில் இறக்குகிறது. ஒரு நிறத்திற்கு ஒரு திரை. நான்கு நிறமென்றால் நான்கு திரைகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். கறுப்புப் பனியனென்றால் முதலில் அடியில் வெள்ளையை அச்சிட்டு, சூடு காட்டி, தொட்டால் ஒட்டாத நிலைக்குக் கொணர்ந்து, பிறகே மற்ற நிறங்களைத் தொடவேண்டும்.

இளைஞர் இந்தப் பொருத்தத்தை யாரிடமும் தனியாகக் கற்கவில்லை. வரைதாளில் கட்டம் கட்டமாகப் புட்டா வரைந்து, அதற்கேற்ப ஜக்கார்டு அட்டையில் துளையிட்டு, துளை உள்ள இடத்தில் பாவு இழை உயரவும் இல்லாத இடத்தில் தாழவும் கண்டு வளர்ந்தவர் அவர். திறந்த கண், மூடிய கண் என்பதே வலைத்துணியின் இலக்கணமும். தறியில் ஊடையை அடித்துச் சேர்க்கும் சீப்புப் போன்ற கருவிக்குத் தமிழில் அச்சு என்று பெயருண்டு. தந்தை ஓர் அச்சைப் பிடித்தார், மகன் மற்றோர் அச்சைப் பிடித்தார். இரண்டிற்கும் இடையே அறுந்துபோன இழை எது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

நாங்கள் கொடுத்த வாசகத்தைப் பார்த்தவுடன் அவர் கேட்டது, "எழுத்து எவ்வளவு சின்னதா வேணும் சார்? புள்ளி அடைச்சிக்கும்" என்பது. தமிழை அச்சிடுபவர்க்கே உரிய கவலை இது. ஒளியை அளவுக்கு மீறிக் காட்டினால் பாசிட்டிவின் ஓரங்களுக்கு அடியிலும் ஒளி கசிந்து சிறு திறப்புகளை மூடிவிடும். முதலில் காணாமற்போவது மெய்யெழுத்தின் புள்ளி. ஆங்கில எழுத்தில் மெல்லிய கோடொன்று மங்கினால் அழகு குறையும், அவ்வளவே. தமிழில் புள்ளி போனால் சொல்லே வேறாகிவிடும். பனியனில் பெரிய எழுத்துக்குச் சென்டிமீட்டருக்கு 43 இழை கொண்ட வலை போதும். மை தடிமனாக இறங்கும். எங்கள் சிறிய எழுத்துக்கு 77 இழை வேண்டும் என்றார். ஓலையில் புள்ளியிடாமல் எழுதிய காலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய எங்களில் ஒருவருக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்தத் தொழிலை ஊருக்கு அந்நியமானது என்று சொல்வதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. மாவு சலிக்கப் பயன்பட்ட நுண்ணிய பட்டு வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியதிலிருந்துதான் இது பட்டுத்திரை அச்சு எனப் பெயர்பெற்றது. 1907ஆம் ஆண்டு மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பே ஜப்பானியர், துணிக்குச் சாயமிடும் காகித அச்சுகளில் தனித்து நிற்கும் துண்டுகள் விழுந்துவிடாமலிருக்கப் பட்டிழைகளைக் குறுக்கே ஒட்டிப் பிடித்திருந்தனர். பாலியஸ்டர் பின்னால் வந்தது. ஓவியக்கூடத்தில் தொங்கும்போது மட்டும் இதற்குச் செரிகிராபி என்று பெயர். அந்தப் பெயருக்குள்ளும் இலத்தீன் மொழியின் பட்டுதான் இருக்கிறது. ஆன்டி வார்ஹால் 1962 முதல் இதே முறையில் செய்த படங்களை உலக அருங்காட்சியகங்கள் வைத்துப் போற்றுகின்றன. கலை என்று அங்கே ஏற்றுக்கொண்டதைச் சந்தவாசலில் சீரழிவு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

அவர் தறியை விட்ட காரணத்தை நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொதுவாக யாவரும் அறிந்ததே அது. பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. அவற்றை முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ கொடுக்க, நெசவாளர் சேலைக்கு இவ்வளவு என்ற கூலிக்கு நெய்கிறார். தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் வீட்டுப் பெண்களின் வேலை. கூலிக் கணக்கில் அவர்கள் பெயர் இல்லை. மரபு அழிகிறதென்று புலம்புபவர் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு புலம்பட்டும்.

அப்படியானால் நெசவுக்கு அச்சினால் தீங்கே இல்லையா? உண்டு. ஆனால் அது பனியனால் அன்று. பனியன் தன்னைச் சேலையென்று சொல்லிக்கொள்வதில்லை. தறியில் நாட்கணக்கில் இழை கோத்து எழுப்பும் கரையையும் புட்டாவையும் திரையில் நிமிடக்கணக்கில் அச்சிட்டு, நெய்தது என்று விற்கிறார்களே, அங்கேதான் நெசவாளரின் சோறு பறிபோகிறது. தெலங்கானாவின் போச்சம்பள்ளி நெசவாளர்கள் தங்கள் இக்கத் வடிவங்களின் அச்சு நகல்களோடு போராட வேண்டியிருந்ததை நாமறிவோம். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் விசைத்தறியை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. 1993இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தொடக்கத்தில் 22ஆக இருந்த ஒதுக்கீட்டு வகைகள் பின்னர் 11ஆகக் குறைக்கப்பட்டன. 2004இல் வந்த சில்க் மார்க் முத்திரை இழை தூய பட்டா என்பதற்கு மட்டுமே சான்று. அச்சிட்ட பட்டுக்கும் அது கிடைக்கும். கையால் நெய்ததற்குச் சான்று 2006இல் வந்த கைத்தறி முத்திரை. இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாமல் சேலை வாங்கும் நாம்தான் இந்தக் களவின் வாடிக்கையாளர்கள். சேலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். அச்சிட்ட கரை அடிப்பக்கத்தில் வெளிறியிருக்கும். நெய்த கரையின் பின்புறத்தில் இழையோட்டம் தெரியும்.

அந்த மேசையருகே எங்களை உண்மையிலேயே வருத்தியிருக்க வேண்டியது வேறொன்று. அன்று அதைக் கண்டும் காணாமல் வந்தோம். எமல்ஷனுக்கு ஒளியுணர்வு தரச் சிறு பட்டறைகள் பலவற்றில் கலக்கப்படுவது பைக்ரோமேட். ஆறிணைதிறக் குரோமியம், புற்றுநோய் உண்டாக்குவதென ஐயமற நிறுவப்பட்டது. ஆரஞ்சு நிறம் படிந்த விரல்களோடு, கையுறையில்லாமல், திரையைக் கழுவிய நீர் வாசல் சாக்கடைக்குப் போகிறது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மேட்டை அறிந்த இந்த வட்டாரத்திற்குக் குரோமியம் புதிய சொல் அன்று. டயசோ என்னும் மாற்று இருக்கிறது. விலை கூடுதல், ஒளி காட்ட நேரமும் கூடுதல். அந்தக் கூடுதலை யார் கொடுப்பது?

இங்கே எங்கள் பழைய குற்றமொன்றையும் ஒப்புக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்துக் கடையில், மறுநாளே வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்று வற்புறுத்திப் பனியன்கள் வாங்கினோம். இரண்டாம் சலவையில் எழுத்துகள் வறண்ட ஏரியைப் போல வெடித்தன. கடைக்காரரை ஏசினோம். பிளாஸ்டிசால் மை காற்றில் உலர்வதில்லை, படலம் முழுவதும் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸை எட்டினால்தான் இறுகும் என்பதை இப்போதுதான் அறிகிறோம். நாங்கள் பேரம் பேசிக் குறைத்தது அந்தச் சூட்டைத்தான்.

நாற்பது பனியனுக்குத் திரையே தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். கணினியிலிருந்து நேரே படலத்தில் அச்சிட்டுச் சூட்டால் ஒட்டும் இயந்திரங்கள் இப்போது சிறு நகரங்கள்வரை வந்துவிட்டன. இந்த மேசையும் ஒருநாள் மூடப்படலாம். அப்போது அதற்கும் ஓர் இரங்கற்பா எழுத எங்களில் யாராவது முன்வரக்கூடும்.

இம்முறை டயசோவுக்கான கூடுதல் விலையைத் தந்தோம், ஒரு வாரம் பொறுத்தோம். மாதிரிப் பனியனை வாங்கச் சென்றபோது இளைஞர் அதை எங்களிடம் தருமுன் தந்தையிடம் நீட்டினார். அவர் திண்ணை வெளிச்சத்தில் விரித்து, சேலையின் கரையைப் பார்ப்பதுபோல் எழுத்துகளின்மேல் விரலை ஓட்டி, மூன்றாம் வரியில் நிறுத்தினார்.

"இங்க ஒரு புள்ளி விழல பாரு."

இளைஞர் திரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.