சூம்பிய காலுக்கு ஒரு வக்காலத்து

எனக்கு ஒரு செருப்பு வேண்டுமென்றால் இரண்டு ஜோடி வாங்க வேண்டும். இடது கால் ஐந்தாம் நம்பர், வலது கால் ஏழு. ஒன்றரை வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் போட்டுவிட்டுப் போன கணக்கு அது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை எடுத்துக்கொண்டு, இடது செருப்பைத் தைப்பவரிடம் கொடுத்து, அடியில் ஒன்றரை அங்குலத்துக்கு ரப்பர் வைத்துத் தைத்து வாங்குவேன். அவர் என்னிடம் அளவு கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

நடக்கும்போது இடது கையால் இடது தொடையை அழுத்திக்கொள்வேன். முட்டி மடங்காமல் பிடிக்கிற தசையில் பலம் இல்லாததால் அந்த வேலையைக் கை பார்க்கிறது. என் சுடிதார்கள் எல்லாமே அந்த இடத்தில்தான் முதலில் நைந்துபோகும். இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். அதனால் இப்படித் தொடையைப் பிடித்து நடக்கிறவர்களில் நாங்கள்தான் கடைசி பேட்ச். நல்ல செய்திதான்.

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் சித்தப்பா மகன். காலை ஐந்து மணிக்கே ஜிம்முக்குப் போகிறவன். மாடி யோகா வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், இந்தக் காலோடு ஒரு மாதிரி சமாதானம் ஆகிவிட்டது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். கேசரியை இலை ஓரத்துக்குத் தள்ளியபடியே கேட்டான்: “அக்கா, சமாதானம்னா என்ன அர்த்தம்? தோத்துட்டேன்னு ஒத்துக்கிறதுதானே? உடம்பை இப்படியே ஏத்துக்கிட்டா அப்புறம் எவன் எக்சர்சைஸ் பண்ணுவான்?”

என் மேல் பாசம் உள்ள பையன். அவன் சொன்னதைத்தான் ஊரே சொல்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருவதும் அதுதான், ஜிம் சுவரில் ஒட்டியிருப்பதும் அதுதான். பந்தியில் பதில் சொல்ல முடியவில்லை, ரசம் வந்துவிட்டது. ஆகவே இங்கே.

முதலில், ஏற்றுக்கொண்டால் முயற்சி செத்துவிடும் என்ற வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஒரு கடினமான தேர்வில் சறுக்கிய மாணவர்களில் ஒரு பிரிவினரைத் தங்களிடமே கொஞ்சம் கருணையோடு இருக்கச் சொன்னார்கள். மறுதேர்வுக்கு அதிக நேரம் படித்தது அந்தப் பிரிவுதான். மறுபக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நடுவயதினரையும் முதியவர்களையும் நான்கு வருடம் தொடர்ந்து பார்த்து 2013இல் வந்த ஆய்வில், உடல் எடைக்காக அவமதிக்கப்பட்டவர்கள் பிறகு உடல்பருமனுக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு என்று தெரிந்தது. திட்டினால் இளைப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிற அத்தைமார்கள் இதைக் கவனிக்கலாம்.

என் சாட்சியும் அதுதான். பதினாறு வயதில் காலைத் தாங்கும் காலிப்பரைக் கழற்றிப் பரண் மேல் போட்ட நாளிலிருந்து நாற்பத்தைந்து வயதுவரை அந்தக் காலுக்காக நான் ஒரு பிசியோதெரபிஸ்டைக்கூடப் பார்க்கவில்லை. தரையைத் தொடும் பாவாடை, புகைப்படத்தில் இரண்டாவது வரிசை, இவ்வளவுதான் அதற்குச் செய்த வைத்தியம். வெறுத்த காலுக்கு யாரும் எண்ணெய் தேய்ப்பதில்லை. தம்பியின் கணக்குப்படி, ஏற்றுக்கொள்ளாத அந்த முப்பது வருடத்தில் நான் பயிற்சி பயிற்சியாகச் செய்து தள்ளியிருக்க வேண்டும்.

அடுத்தது, வலிக்க வலிக்கச் செய்தால்தான் உடம்பு வழிக்கு வரும் என்பது. இதற்கு நானே பலி.

நாற்பத்தைந்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். “நல்ல காலையாவது ஸ்ட்ராங் பண்ணிடுவோம் மேடம்” என்றார் பயிற்சி கொடுத்தவர். வலது கணுக்காலில் எடை கட்டித் தூக்க வைத்தார். போதும் என்று நிறுத்தினால் “இன்னும் ரெண்டு”. அந்த இரண்டு முடிந்தால் “கடைசியா ரெண்டு”. எனக்கும் உள்ளூர ஒரு வெறி, முப்பது வருடப் பாக்கியைத் தீர்க்கிற மாதிரி. மூன்றாவது வாரம் டவுன் பஸ்ஸில் ஏற வலது காலைத் தூக்கினேன், அது படிக்கு வரவில்லை. பின்னால் நின்றவர் “ஏறும்மா, ஏறு” என்று அவசரப்படுத்துகிறார். நான் கம்பியைப் பிடித்தபடி அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எத்தனையோ வருடமாக நம்பியிருந்த கால் அது.

நரம்பியல் மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். போலியோ கிருமி, தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பு செல்களைக் கொல்கிறது. செத்த செல்லை நம்பியிருந்த தசைநார்கள் அநாதையாகும். தப்பிப் பிழைத்த செல்கள் புதிய கிளைகள் விட்டு அந்த அநாதைகளைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. ஒரு செல் தன் சக்திக்குப் பல மடங்கு பெரிய குடும்பத்தைச் சுமக்கிறது. முப்பது, நாற்பது வருடம் சுமந்த பிறகு தாங்க முடியாமல் கிளைகளை ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்குகிறது. போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்று பெயர். என்னுடைய ‘நல்ல’ கால் என்பதுகூடப் பாதிப் பொய். கிருமி அங்கேயும் புகுந்திருக்கிறது. தத்தெடுப்பு ஒழுங்காக நடந்ததால் வெளியே தெரியவில்லை.

சும்மா படுத்திருந்தாலும் தசை கரையும், ஓய்ந்துபோகும் அளவுக்கு உழைத்தாலும் போகும். களைப்பு வருவதற்கு முன்னால் நிறுத்துங்கள், நடுநடுவே ஓய்வெடுங்கள் என்றார். சரி, களைப்பு வரப்போவதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தொடையின் உள்பக்கத்தில், முட்டிக்கு நான்கு விரல் மேலே, ஈ உட்கார்ந்து சிறகடிப்பது போல ஒரு நடுக்கம் வரும். வெளியே தெரியாது. “இன்னும் ரெண்டு” என்று ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது நிச்சயம் தெரியாது. அமைதியான இடத்தில் கண்ணை மூடி, மூச்சை மெதுவாக விட்டு, அங்கேயே கவனத்தை வைத்தால் பிடிபடும். மனசையும் உடம்பையும் சேர்த்துச் செய்கிற பயிற்சி என்று பெரிதாகப் பேசுகிறார்களே, என்னைப் பொறுத்தவரை அதன் முதல் பயன் இந்த ஈயைப் பிடிப்பதுதான்.

மூன்றாவதாகத் தம்பி சொன்னது: “அக்கா, யோகாவெல்லாம் ரப்பர் மாதிரி வளையிறவங்களுக்கு. உனக்கெதுக்கு?” யோகா தினமான ஜூன் 21 வந்தால் பத்திரிகைகளில் வரும் படங்களைப் பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்தப் பயிற்சிகளை உண்டாக்கியவர்களின் மருத்துவச் சீட்டை வாங்கிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பி.கே.எஸ். ஐயங்கார் 1918இல், விஷக்காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டிருந்த நேரத்தில் பிறந்த நோஞ்சான் பிள்ளை. மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று எல்லாம் வந்து போன உடம்போடுதான் மைசூரில் அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் ஆசனம் கற்றுக்கொண்டார். ஜோசஃப் பிலாட்டிஸ் சிறுவயதில் ஆஸ்துமாவும் ரிக்கெட்ஸும் படுத்திய ஜெர்மானியர். மோஷே ஃபெல்டன்கிரைஸ் கால்பந்தில் முட்டியைக் கெடுத்துக்கொண்ட விஞ்ஞானி. தான் எப்படி நடக்கிறோம் என்று தன்னையே கூர்ந்து கவனித்துத்தான் தன் முறையை வகுத்தார். எஃப்.எம். அலெக்சாண்டர் மேடையில் குரல் போய்விடுகிற கலைஞர். கண்ணாடி முன்னால் நின்று, பேசும்போது தலையையும் கழுத்தையும் என்ன செய்கிறோம் என்று மாதக்கணக்கில் பார்த்தார். கண்ணாடியை இப்படியும் பயன்படுத்தலாம். கச்சிதமான உடம்போடு இருந்திருந்தால் இவர்களில் யாருக்கு இந்தத் தேடல் வந்திருக்கும் என்று தெரியவில்லை.

பதஞ்சலி ஆசனத்தைப் பற்றி மூன்றே சூத்திரத்தில் முடித்துவிடுகிறார். நிலையாக இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறாரே தவிர, நெற்றி முட்டியைத் தொட வேண்டும் என்று எங்கும் கேட்கவில்லை. (உடம்பைப் பற்றித் தமிழில் எழுதினால் திருமூலரை அழைக்காமல் விடக் கூடாது என்று ஒரு வழக்கம். அவருக்கு இன்று ஓய்வு.) கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய ‘யோக மந்திரம்’ என்ற பள்ளியின் அடிப்படையே, ஆளுக்குத் தக்கபடி பயிற்சியை மாற்ற வேண்டும், பயிற்சிக்குத் தக்கபடி ஆளை முறிக்கக் கூடாது என்பதுதான். ஐம்பது பேரை வரிசையில் நிறுத்தி ஒரே ஆசனத்தை மைக்கில் சொல்லித்தருகிற இடங்களில் இது நடக்காது. அங்கே போகாதீர்கள் என்றுகூடச் சொல்வேன்.

நான் போகும் மாடி வகுப்பில் கயிறு, கட்டை, பெல்ட், மடக்கு நாற்காலி எல்லாம் உண்டு. எல்லாம் ஐயங்கார் வழி வந்த சாமான்கள். முதல் நாள் டீச்சரம்மா என்னைப் படுக்க வைத்து, இரண்டு கெண்டைக்காலையும் நாற்காலியின் மேல் தூக்கி வைத்தார்.

“இடது பாதம் எப்படி இருக்கு?”

“அது செத்த கால் டீச்சர்.”

“செத்துப்போச்சுன்னா சூடா குளிரான்னு தெரியாதே. தெரியுதா?”

தெரிந்தது. சில்லென்று இருந்தது. விரல் நுனிகள் மரத்துப்போகிற சில்லிப்பு. போலியோ அசைவைத்தான் எடுத்துக்கொள்ளும், உணர்ச்சியைத் தொடாது. இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, கொசு கடித்தால் சொறிந்துகொண்டுதானே இருந்தேன். ஆனாலும் அந்தக் கால் எப்படி இருக்கிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும்தான். அவர் ஒரு கம்பளியை மடித்துப் பாதத்தைச் சுற்றிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். இப்போது இரவில் சாக்ஸ் போட்டுத் தூங்குகிறேன்.

உடம்பைப் பார்த்தாலே ஆரோக்கியம் தெரிந்துவிடும் என்ற வாதத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 2004இல் ‘லான்செட்’ இதழில் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது. புனேயின் டாக்டர் யாக்னிக், லண்டனின் டாக்டர் யுட்கின் இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யாக்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1. ஒல்லியான இந்தியருக்கு ஏன் சுகர் வருகிறது என்பதற்கு அந்தக் குறிப்பு பாதி விளக்கம். பி.எம்.ஐ. கணக்குக்கு வித்திட்ட குவெட்லே 19ஆம் நூற்றாண்டின் பெல்ஜியப் புள்ளியியலாளர். ஜனக்கூட்டத்தின் சராசரியைத் தேடினாரே தவிர, நோயாளியைச் சோதிக்கவில்லை. உள்ளே எடுத்த படமும் முழு உண்மையைச் சொல்வதில்லை. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் வருட ஆய்வில், இருபது வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. பழுதில்லாத முதுகைத் தேடினால் ஆளே கிடைக்க மாட்டார்கள் போல.

கடைசி வாதத்தில் தம்பிக்குப் பாதி மதிப்பெண் தருகிறேன். “மூச்சு விடுறதெல்லாம் எக்சர்சைஸாக்கா?” மூச்சு மட்டும் போதாதுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. யோகாவால் சர்க்கரை நோய் அடியோடு போய்விடும், மாத்திரையைத் தூக்கியெறியுங்கள் என்று சொல்கிறவர்கள் தம்பியைவிட ஆபத்தானவர்கள். ஆனால் அதே வழிகாட்டுதலில்தான் முதன்முறையாக, உடல் ஊனமுற்றவர்களுக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும் தனிப் பரிந்துரைகள் சேர்ந்தன. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் போனது. நான் ஏழு நிமிடம் செய்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மறுபடி ஏழு நிமிடம் செய்வது இப்போது முறைப்படி கணக்கில் வருகிறது. மெதுவாகச் செய்வது வீண் என்பதும் சரியில்லை. முட்டித் தேய்மானம் உள்ள 204 பேரிடம் பாஸ்டனில் நடந்து 2016இல் வெளியான சோதனையில், பன்னிரண்டு வாரம் செய்த தாய்ச்சி என்ற மெல்லசைவுப் பயிற்சி வழக்கமான பிசியோதெரபிக்குச் சமமாக வலியைக் குறைத்தது.

பந்தியில் அவன் கைக்கடிகாரம் வேறு நடுநடுவே உறுமிக்கொண்டிருந்தது, இன்னும் இத்தனை அடி பாக்கி என்று. பத்தாயிரம் அடி என்ற இலக்கு பிரபலமானது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளவியால். அதன் பெயரே ‘பத்தாயிரம் அடி மானி’. எல்லோருக்கும் பொருந்தும் என்று அளந்து வைத்த எண் இல்லை. எனக்கு இரண்டாயிரத்து முந்நூறில் ஈ வந்து உட்காரும்.

கல்யாணத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு ஜோடி வாங்கினேன். மிச்சப்பட்டவற்றை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பது வழக்கம். தூக்கியெறிய மனசு வரவில்லை, எல்லாம் புதுசு. இடது ஏழு, வலது ஐந்து. போலியோ எத்தனையோ பேருக்கு வலது காலைத்தான் பிடித்தது, அந்த அளவில் யாராவது இருக்கத்தான் வேண்டும். இப்போது பெட்டியில் பதினொரு ஜோடி சேர்ந்திருக்கிறது.