சபர்மதி சொல்லும் பாடம்

ஆற்றங்கரையில் பூங்காவும் கடைகளும் எழுப்பிவிடலாம். சாக்கடை எங்கே போகும்? நாட்டின் நகரசபைகளெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

ஆமதாபாத் நகரம் 2005-ல் இரண்டையும் ஒரே திட்டத்தில் இணைத்தது. சபர்மதியின் இரு கரைகளிலும் சுமார் 11 கிலோ மீட்டர் தூரத்துக்குச் சுவர் எழுப்பி, சுமார் 200 ஹெக்டேர் நிலம் மீட்கப்பட்டது. கரையோரமாகப் பெரிய குழாய்கள் பதித்து, ஆற்றில் விழுந்த கழிவு நீரைத் தெற்கேயுள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திருப்பினார்கள். நிலத்தில் ஒரு சிறு பகுதியை விற்றுச் செலவை ஈடுகட்டுவது ஏற்பாடு. கரையோரக் குடிசைவாசிகள் ஆயிரக்கணக்கில் வேறிடம் அனுப்பப்பட்டனர். 2012-ல் நடைபாதை திறக்கப்பட்டது.

யோசனை நல்லதே. ஆனால் நகருக்குள் ததும்புவது நர்மதைக் கால்வாய்த் தண்ணீர். வாஸ்னா அணை அதைத் தேக்கி நிறுத்துகிறது. அணைக்குக் கீழே? சரிவரச் சுத்தம் செய்யாத நகரக் கழிவும் ஆலைக் கழிவும் ஓடின. 2021-ல் குஜராத் ஹைக்கோர்ட் தானாகவே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது.

சுத்திகரிப்பு நிலையம் பின்தங்கினால், கரை அழகு வெறும் திரைதான். அதன் விலையைக் கீழ்க் கிராமத்து விவசாயி கொடுக்கிறான். நதியின் சுத்தத்தை நகரின் நடுவே பார்த்தால் போதாது. நகரைத் தாண்டிய பிறகு பார்க்க வேண்டும்!