கடைசிப் படிவமே நிற்க வேண்டுமா?

மாணவர்களே, போன ஆண்டு லிட்டில் இந்தியாவுக்குக் கற்றல் பயணம் சென்றபோது ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று படிவங்கள் எங்களிடம் இருந்தன. பெற்றோர், வகுப்பாசிரியர், மாணவர் ஆகியோர் அந்த வரிசையில் நிரப்பியவை. மூன்றையும் ஒன்றாக்கப் பைத்தானில் நானே நிரல் எழுதினேன்.

தேக்கா நிலையத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். ஒரு மாணவன், "சார், இந்தச் சட்னியில் வேர்க்கடலை இருக்கா? எனக்கு ஒத்துக்காது" என்றான். என் பட்டியலில் அவனுடைய 'ஒவ்வாமை' கட்டம் காலி. பெற்றோர் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அவன் தன் படிவத்தில் அதை நிரப்பாமல் விட்டிருந்தான். கடைசியாக வந்த வெற்றிடம், முதலில் வந்த செய்தியை அழித்துவிட்டது. நல்ல வேளை, அவன் கேட்டான்.

பலவற்றை ஒன்றாக்கும் இந்த வேலையைச் சார்பு நிரலாக்கத்தில் 'ஃபோல்டு' அல்லது 'ரெடியூஸ்' என்பார்கள். கேம்பல் லேனில் பூச்சரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் வெறும் நூல். அதுதான் தொடக்க மதிப்பு. பிறகு, இதுவரை கட்டிய சரத்தோடு அடுத்த பூ சேர்கிறது. எத்தனை பூ இருந்தாலும் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டை மட்டும்தான் இணைக்கிறோம். எப்படி இணைப்பது என்ற விதியை நாம் ஒரு சார்பாக எழுதித் தர வேண்டும்.

நான் அந்த விதியை எழுதவில்லை. பெயரும் மதிப்புமாகச் செய்திகளை வைக்கும் 'டிக்‌ஷனரி' இரண்டை, ஒரு நெட்டுக்கோட்டுக் குறியால் சேர்த்துவிட்டேன். பைத்தான் 3.9இல், 2020ஆம் ஆண்டு வந்த வசதி அது. ஒரே பெயருக்கு இரு மதிப்புகள் இருந்தால் வலப்பக்கத்தில் உள்ளதே நிற்கும். எச்சரிக்கை எதுவும் வராது. தொலைபேசி எண்ணுக்கு அது பொருந்தலாம், புதியதுதானே வேண்டும்? கட்டிய பணம் என்றால் கூட்ட வேண்டும். ஒவ்வாமை என்றால் யார் எழுதியதையும் விடக்கூடாது. ஒரே படிவத்துக்கு மூன்று விதிகள். இதைக் கணினியின் முடிவுக்கு விடுவது தவறு என்பது என் கருத்து.

இதற்கு 'ஃபார்' லூப் போதாதா என்பீர்கள். பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ரோசமும் லூப்தான் தெளிவானது என்பார். 2008இல் வந்த பைத்தான் 3இல் ரெடியூஸை 'ஃபங்டூல்ஸ்' தொகுதிக்குள் தள்ளிவிட்டார்! ஆனாலும் எனக்கு ரெடியூஸ்தான் பிடிக்கும். விதியைத் தனியே எழுத வைக்கிறது. தனியே சோதிக்கவும் முடிகிறது. (சுடோக்குவுக்கு விடை காணும் நிரல் எழுதிய திரு லீ சியன் லூங், பிரதமராக இருந்தபோது 2015இல், ஓய்வுக்காலத்தில் படிக்கவென்று சொன்ன நூல் ஹாஸ்கெல் என்ற சார்பு நிரல்மொழியைப் பற்றியது.)

உங்கள் நிரலைச் சோதிக்க, படிவங்களின் வரிசையைத் தலைகீழாக்கி மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வாமைப் பட்டியல் மாறக்கூடாது. என் பழைய நிரலில் மாறியது, திருத்தியதில் மாறவில்லை. ஆனால் தொலைபேசி எண் இன்னும் மாறுகிறது. படிவம் நிரப்பிய தேதியும் கையில் இருந்தால் அந்த விதியை எப்படி எழுதுவீர்கள்?